இரண்டு முறை பேக்கிங் மாற்றியும் நிற்காத எண்ணெய்க் கசிவு: ஒரு பழைய காரின் கேம் கவர்

## பின்னணி

20 வயதைத் தாண்டிய பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், 16 வால்வு, தலையில், வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம்ஷாஃப்ட். சிலிண்டர் ஹெட் அலுமினியம், அதை மூடும் கேம் கவரும் அலுமினியம். டேப்பட் கவர் என்று பலர் சொல்வதும் இதைத்தான். பிளக்குகள் கவரின் நடுவே இறங்கும் நான்கு குழிகளுக்குள் இருக்கும். ஒவ்வொரு குழியின் வாயிலும் ஒரு வட்ட ரப்பர் சீல். கவரின் ஓரத்தில் ஒரு பள்ளம், அதற்குள் ஒரே துண்டாகச் சுற்றி ஓடும் ரப்பர் பேக்கிங். ஹெட்டின் பின்முனையில் கேம்ஷாஃப்டுக்காகக் குடைந்த துளைகள் வெளியே திறந்திருக்கும். அவற்றைப் பிறை வடிவ ரப்பர் அடைத்திருக்கும். அரைநிலா என்று அதைச் சொல்வோம். வரப்போகும் கதையில் அந்தச் சின்ன ரப்பருக்குப் பெரிய பங்கு உண்டு.

உரிமையாளர் ஓய்வு பெற்றவர். வண்டி புதிதாக வாங்கியதிலிருந்து அவரிடமே இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் எஞ்சின் பக்கமிருந்து எண்ணெய் கருகும் வாடை வரத் தொடங்கியது. ஓரிடத்தில் கேம் கவர் பேக்கிங் மாற்றினார்கள். ஆறு மாதத்தில் மறுபடியும் அதே வாடை. வேறோரிடத்தில் இன்னொரு புதுப் பேக்கிங்கைப் போட்டு, அதன் மேல் சுற்றிலும் சிலிகான் பூசி, "இனி வரவே வராது" என்று சொல்லி இறுக்கிக் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் கசிவு முன்பைவிட மோசமானது. மூன்றாவதாகப் பார்த்தவர், கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் இடத்தில் சொட்டுவதைக் காட்டி, கிராங்க் தண்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் பின்பக்க கிராங்க் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார். அந்தப் பெரிய வேலைக்குச் சம்மதிக்கும் முன் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று எங்களிடம் வந்தார்.

## முதல் நாள் பார்த்தது

ஆயில் குச்சியில் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே இருந்தது. வண்டி ஐட்லிங்கில் லேசாக மிஸ் அடித்தது, அதாவது ஒரு சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விட்டது. புகைபோக்கி மேனிஃபோல்ட் பக்கம் கவரின் கீழ் ஓரம் முழுக்கக் கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. சூடான மேனிஃபோல்டில் எண்ணெய் சொட்டினால் வாடையோடு நிற்காது, தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. அதனால் வேலை முடியும்வரை வண்டியை எடுத்துப் போக வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம்.

எங்கே பார்த்தாலும் எண்ணெயாக இருக்கும் எஞ்சினில் கசிவின் ஊற்றைக் கண்ணால் ஊகிப்பது வீண். எண்ணெய் கீழே வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். கசியும் இடம் ஒன்றாகவும் சொட்டும் இடம் வேறாகவும் இருக்கும். எனவே எலெக்ட்ரிக் இணைப்புகளைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, எஞ்சினைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவினோம். 20 நிமிடம் ஓட்டி வந்து விளக்கடித்துப் பார்த்தால், வெள்ளைப் பரப்பில் நனைந்த தடங்கள் தெளிவாகத் தெரிந்தன.

இரண்டு தடங்கள் இருந்தன. ஒன்று, மேனிஃபோல்ட் பக்கம் கவரின் நடுப்பகுதியில். மற்றொன்று ஹெட்டின் பின்முனையில் ஓர் அரைநிலாவின் ஓரத்தில் தொடங்கி, ஹெட்டின் முதுகில் இறங்கி, பிளாக்கைத் தாண்டி, கியர்பாக்ஸ் கூடு சேரும் இடத்தில் போய்ச் சொட்டியது. கிராங்க் சீல் என்று சொல்லப்பட்ட சொட்டு இதுதான். கூட்டின் அடியில் உள்ள சோதனைத் துளை வழியாக உள்ளே பார்த்தோம். சீல் கசிந்தால் ஃப்ளைவீல் எண்ணெயைச் சுழற்றி உள்சுவரெல்லாம் தெளித்திருக்கும். உள்ளே உலர்ந்த தூசிதான் இருந்தது.

கியர்பாக்ஸை இறக்கும் வேலை அந்த நிமிடமே தள்ளிப்போனது.

## கவரைத் தொடும் முன் செய்த சோதனைகள்

இரண்டு புதுப் பேக்கிங்கும் சில மாதங்களில் தோற்றிருக்கின்றன. ஒரு ரப்பர் பேக்கிங் சரியாக உட்கார்ந்தால் வருடக்கணக்கில் உழைக்க வேண்டியது. ஆக, அதை ஏதோ தள்ளுகிறது, அல்லது அதை யாரோ நசுக்கியிருக்கிறார்கள். மூன்றாவது பேக்கிங்கை மாட்டும் முன் இதற்குப் பதில் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தோம்.

எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின் மேல் ஒரு தாளை வைத்தோம். ஆரோக்கியமான எஞ்சினில் தாள் லேசாக உள்ளே இழுபட வேண்டும். இங்கே தாள் படபடவென்று மேலே எகிறியது. உள்ளே அழுத்தம் இருக்கிறது.

அழுத்தத்துக்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். பிஸ்டன் ரிங் தேய்ந்து அளவுக்கு மீறி பேக் கம்ப்ரஷன் வரலாம் (எரியும் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குவது), அல்லது வழக்கமாக வரும் கொஞ்ச வாயுவும் வெளியேற வழியில்லாமல் அடைபட்டிருக்கலாம். முதலாவது உண்மையானால் கேம் கவரை எவ்வளவு அழகாக மாட்டினாலும் பயனில்லை. எனவே கம்ப்ரஷன் பார்த்தோம். பிளக்குகளைக் கழற்றப் போனபோது 3-ஆம் குழியில் எண்ணெய் தேங்கி நின்றது. அதை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்த பிறகே பிளக்கைத் திறந்தோம். இல்லையென்றால் அவ்வளவும் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். அந்தப் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் ரப்பர் உறை எண்ணெயில் ஊறி உப்பி, கொழகொழவென்று இருந்தது. மிஸ் அடிப்பதன் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

எஞ்சின் சூடாக இருக்க, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பார்த்ததில் நான்கு சிலிண்டரும் சதுர சென்டிமீட்டருக்கு 11.5 முதல் 12 கிலோ வரை காட்டின. ரிங்குகள் மேல் பழி இல்லை.

அடுத்து பிசிவி வால்வைக் கழற்றினோம். எஞ்சினின் அடிவயிற்றில் சேரும் வாயுவை இன்டேக் பக்கம் இழுத்துப் போய் எரியவிடும் ஒருவழி வால்வு அது. நல்ல வால்வைக் குலுக்கினால் உள்ளே 'டக் டக்' என்று சத்தம் வரும். இது ஊமையாக இருந்தது. உள்ளே கறுப்புப் பிசின். அதனோடு சேரும் குழாய் வெளியே பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் உட்சுவர் உப்பி, வழி கிட்டத்தட்ட மூடிப்போயிருந்தது.

வெளியேற வழியில்லாத வாயு, எஞ்சினில் எங்கே அடைப்பு பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளும். கேம் கவரின் விளிம்பு நீளமானது, மெல்லிய போல்ட்டுகளால் பிடிக்கப்படுவது. அதுதான் முதலில் விட்டுக்கொடுத்தது. இரண்டு வருடமாக ஒருவரும் இந்த வால்வைத் தொட்டதற்கான அடையாளமே இல்லை.

## கவரைத் திறந்தபோது

ஓரத்துப் போல்ட்டுகளில் தொடங்கி நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினோம். சிலிகான் கவரையும் ஹெட்டையும் ஒன்றாக ஒட்டியிருந்தது. இணைப்பில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினால் ஒரே நிமிடத்தில் வந்திருக்கும்; அலுமினிய முகத்தில் ஒரு வெட்டும் விழுந்திருக்கும், அந்த வெட்டு புதிய கசிவாகியிருக்கும். கவரின் தடித்த விலாக்களில் ரப்பர் சுத்தியலால் தட்டி, பிளாஸ்டிக் ஆப்பை மூலையில் நுழைத்து நகர்த்தினோம். 40 நிமிடம் பிடித்தது.

பேக்கிங் மூன்று இடங்களில் பள்ளத்தை விட்டு உள்பக்கமாக வழுக்கியிருந்தது. ரப்பர் பேக்கிங் பள்ளத்தில் உலர்வாக உட்கார்ந்து பிடிப்போடு அழுந்த வேண்டும். ஈரச் சிலிகானை அதன் மேல் பூசினால் அது சோப்பு போலாகி, இறுக்கும்போது பேக்கிங்கை நழுவவிடும். மேனிஃபோல்ட் பக்கத் தடம் அப்படி நழுவிய ஓர் இடத்துக்கு நேர் கீழே இருந்தது.

அப்புறம் போல்ட்டுகள். மொத்தம் 10. அவற்றை ஓர் அட்டையில் கவரின் வடிவம் வரைந்து அந்தந்த இடத்திலேயே செருகியிருந்தோம். வரிசையாகப் பார்த்தபோது இரண்டு மட்டும் வேறாகத் தெரிந்தன. இந்த எஞ்சினின் போல்ட்டுகளில் மரை முடியும் இடத்தில் ஒரு தடித்த தோள் உண்டு. இறுக்கும்போது அந்தத் தோள் ஹெட்டில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் பேக்கிங் கூடுதலாக அழுந்தாது. எவ்வளவு அழுந்த வேண்டும் என்பதை வடிவமைத்தவர்கள் தோளின் உயரத்திலேயே தீர்மானித்துவிட்டார்கள். முன்பு யாரோ இரண்டைத் தொலைத்துவிட்டுச் சாதாரண 6 மி.மீ. போல்ட் போட்டிருக்கிறார்கள். தோள் இல்லாததால் அவை கவரை எல்லையின்றிக் கீழே இழுத்து, அந்த இடத்தில் பேக்கிங்கை நசுக்கி, கவரையும் வளைத்திருந்தன. அதில் ஒன்றின் மரை ஹெட்டில் பாதி உரிந்தும் வந்துவிட்டது.

பின்பக்க அரைநிலா ரப்பர் நகம் பட்டால் உடையும் அளவுக்குக் கடினமாகியிருந்தது. இரண்டு முறை பேக்கிங் மாற்றியபோதும் அதை யாரும் மாற்றவில்லை. போல்ட் தலைகளுக்கு அடியிலுள்ள ரப்பர் வாஷர்களும் பழையவையே.

## ஆயில் பேனைக் கழற்ற எடுத்த முடிவு

கவரின் உள் விளிம்பு முழுக்கச் சிலிகான் பிதுங்கி, சிவப்பு நூல்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சில இடங்களில் அறுந்த நுனிகள் மட்டும் இருந்தன. அறுந்தது எங்கே போயிருக்கும்? எண்ணெய் திரும்பும் துளை வழியாக, அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் பேனுக்குத்தான். அங்கே ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயில் ஒரு வலைச் சல்லடை இருக்கிறது.

உரிமையாளர் கேட்டார்: "தம்பி, கசிவுக்காகத்தானே வந்தேன், அடிப்பக்கத்தை வேறு கழற்றணுமா?" நியாயமான கேள்வி. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் விளக்கு அணைய முன்பைவிடக் கொஞ்சம் தாமதமாகிறதா என்று அவரிடம் கேட்டோம். சில வாரமாக அப்படித்தான் என்றார். "அப்படியென்றால் பார்க்காமல் விட முடியாது சார்" என்று விளக்கினோம். சல்லடை அடைபட்டால் கேம்ஷாஃப்டும் பேரிங்கும் எண்ணெயின்றி ஓடும். அதன் சேதம் கசிவைப்போல் துடைத்துச் சரிசெய்யக் கூடியதல்ல. அவர் ஒப்புக்கொண்டார்.

பேனை இறக்கியதும் சல்லடையில் ஏறக்குறைய கால் பங்குப் பரப்பில் சிவப்புத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கசிவை நிறுத்த அதிகமாகப் பூசிய சிலிகான், எஞ்சினின் உயிர்நாடிக்கே போய்ச் சேர்ந்திருந்தது. என்னைக் கேட்டால் இந்த நிகழ்வில் மற்றவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வெளியே பிதுங்கும் சிலிகானை எல்லோரும் பார்க்கிறோம், விரலால் வழித்தும் விடுகிறோம். அதே அளவு உள்ளேயும் பிதுங்குகிறது. அதைப் பார்க்க யாரும் இல்லை.

## சுத்தம் செய்தல்

அரை நாள் இதற்கே போனது. கேம்ஷாஃப்ட் பகுதியையும் எண்ணெய் திரும்பும் துளைகளையும் நூல் உதிராத துணியால் மூடினோம். பழைய சிலிகானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, கவரின் பள்ளத்தை மரக்குச்சியால் நோண்டி, பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடைத்தோம். சுழலும் சிராய்ப்புத் தட்டு இருந்தால் பத்து நிமிட வேலை என்று உதவியாளர் சொன்னார். அதை அனுமதிக்கவில்லை. அந்தத் தட்டுகள் உதிர்க்கும் பொடி மிகக் கடினமானது, எண்ணெயோடு கலந்து பேரிங்கை அரித்துவிடும். உப்புத்தாளையும் இதே காரணத்துக்காகத் திறந்த எஞ்சினின் பக்கம் கொண்டுவரக் கூடாது.

உரிந்த மரையில் புது மரையாக ஹெலிகாயில் கம்பிச் சுருள் வைத்தோம். மரை வெட்டும் டேப்பில் கெட்டியாக கிரீஸ் தடவினால் அலுமினியத் துகள் உள்ளே விழாமல் கிரீஸிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கவரைக் கனமான கண்ணாடித் தகட்டில் கவிழ்த்து வைத்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்ததில், ஒரு பக்கம் நடுவில் 0.3 மி.மீ. இடைவெளி. கையால் அழுத்தினால் மூடிக்கொண்டது. பேக்கிங் பள்ளத்துக்கு மேலே ஒரு மி.மீ.க்கும் அதிகமாக நிற்பதால் இந்த அளவை அது தாங்கும் என்று கணித்து, கவரை மாற்ற வேண்டாம் என முடிவு செய்தோம்.

## மாட்டியதும், எங்கள் தவறும்

புதுப் பேக்கிங், நான்கு குழி சீல்கள், அரைநிலாக்கள், ரப்பர் வாஷர்கள், தோளுள்ள இரண்டு போல்ட்டுகள், பிசிவி வால்வு, அதன் குழாய் எல்லாம் வந்த பிறகே தொடங்கினோம். பேக்கிங்கை முழுக்க உலர்வாகப் பள்ளத்தில் அழுத்தி உட்காரவைத்தோம். சிலிகான் தேவைப்படுவது சில புள்ளிகளில் மட்டும்: கேம்ஷாஃப்டைப் பிடிக்கும் முன்பக்க மூடிகள் ஹெட்டோடு சேரும் மூலைகள், அரைநிலாக்களின் இரு முனைகள். அங்கே இரண்டு பாகங்கள் சேரும் கோட்டைப் பேக்கிங் குறுக்கே கடக்கிறது. நுண்ணிய படிக்கட்டு ஒன்று இருக்கும், ரப்பர் அதை முழுக்க நிரப்பாது. ஒவ்வொன்றிலும் ஒரு பருப்பளவு வைத்தோம்.

தவறு அதற்குப் பிறகு நடந்தது. கவரை இறக்கப் போனால் ஒயரிங் கட்டு ஒன்று வழியில் நின்றது. அதை அவிழ்த்து ஒதுக்கி, பின்னால் சிக்கிய ஒரு கிளிப்பையும் எடுத்து முடிக்க 20 நிமிடம் ஆகிவிட்டது. காற்றின் ஈரத்தில் உறையும் ஆர்டிவி சிலிகான் அதற்குள் மேலே ஆடை கட்டியிருந்தது. துடைத்துவிட்டுப் புதிதாக வைத்திருக்க வேண்டும். பரவாயில்லை என்று நினைத்து அப்படியே கவரை இறக்கினேன்.

நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முதலில் கையால், பிறகு பாதி அளவுக்கு, கடைசியாக இந்த எஞ்சினின் கையேடு சொல்லும் 10 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினோம். இந்த அளவு எவ்வளவு குறைவு என்பது கைக்குப் பழகாது. 25 செ.மீ. நீள ராட்செட்டில் 4 கிலோ இழுத்தாலே 10 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். சாதாரணமாக ஒரு இழுப்பு இழுத்தாலே 10 கிலோவைத் தாண்டும். முன்பு மரை உரிந்தது இப்படித்தான் இருக்க வேண்டும்.

இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் புது எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்தோம். தாள் இப்போது உள்ளே இழுபட்டது. மிஸ் அடிப்பதும் இல்லை. பிளக்குகளும் 3-ஆம் காயிலும் புதியவை. பவுடர் தூவி 100 கி.மீ. ஓட்டிப் பார்த்ததில் பின்பக்கம் உலர்ந்திருந்தது. முன்பக்க மூலை ஒன்றில் மட்டும் மிளகளவு ஈரம்.

அந்தப் பக்கத்துப் போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாமே என்ற பேச்சு வந்தது. இரண்டு வருடத் தொல்லை மோசமானதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். தோள் முட்டி நிற்கும் போல்ட்டை இறுக்கி ஒரு பயனும் இல்லை, மரைதான் போகும். உரிமையாளரிடம் நடந்ததைச் சொல்லி, கவரை மறுபடியும் எடுத்தோம். அந்த மூலையில் சிலிகான் பொட்டின் மேற்பரப்பு வழுவழுவென்று பளபளத்தது. பேக்கிங்கோடு ஒட்டவே இல்லை. எல்லாப் புள்ளிகளையும் சுத்தமாக எடுத்து, புதிதாக வைத்து, மூன்று நிமிடத்துக்குள் கவரை இறக்கினோம். சில நாளே உழைத்த பேக்கிங் தன் வடிவம் மாறாமல் இருந்ததால் அதையே திரும்பப் போட்டோம். இந்த இரண்டாவது வேலைக்கு அவரிடம் எதுவும் வாங்கவில்லை.

## விளைவு

1,000 கி.மீ.யில் எண்ணெயை முன்கூட்டியே மாற்றினோம், துணுக்கு ஏதாவது மிஞ்சியிருந்தால் போகட்டும் என்று. வடித்த எண்ணெயை மெல்லிய துணியில் வடிகட்டியதில் சிவப்பாக எதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கவரின் ஓரம் சுற்றிலும் உலர்ந்திருந்தது, குழிகளுக்குள்ளும் ஈரமில்லை. கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டு நின்றே போனது. கிராங்க் சீலை நாங்கள் தொடவே இல்லை. ஆயில் விளக்கு ஸ்டார்ட் ஆனவுடன் அணைகிறது.

## இனி மாற்றிச் செய்வது

கேம் கவர் கசிகிறது என்று எந்த வண்டி வந்தாலும் பேக்கிங்கை எடுத்துவரச் சொல்லும் முன் தாளை வைத்துப் பார்ப்போம். ஒரு நிமிட வேலை அது.

சிலிகான் டியூபைத் திறக்கும் முன் கவரை ஒரு முறை வெறுமனே இறக்கி ஏற்றிப் பார்க்கிறோம். எந்த ஒயர், எந்தக் குழாய், எந்தக் கிளிப் வழியில் வருகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். இந்த வழக்கம் அன்று இருந்திருந்தால் கவரை இரண்டாம் முறை எடுத்திருக்க மாட்டோம்.

போல்ட்டுகளையும் கழற்றும் அன்றே அளந்து ஒப்பிட்டுவிடுகிறோம். இந்த முறை மற்ற பாகங்களைச் சொல்லியனுப்பிய பிறகே இரண்டு போல்ட் தவறானவை என்று கவனித்தோம், அவற்றுக்காக மட்டும் நான்கு நாள் வண்டி திறந்த எஞ்சினோடு துணி மூடி நின்றது. அந்த இரண்டு சாதாரண போல்ட்டுகளையும் ஒரு சிறு பையில் போட்டு, எந்தத் துளைகளில் இருந்தன என்று எழுதி, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தோடு வைத்துக் கொடுத்திருக்கிறோம். அடுத்து அந்தக் கவரைத் திறப்பவர் நாங்களாக இருக்க வேண்டியதில்லை.